முன் அனுமதியின்றிச் செத்த புரோகிராம்

தமிழில் மரண வாக்குமூலம் கொடுத்த கம்ப்யூட்டர் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அந்த வாக்குமூலத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவன் நான்.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் என் வாயை முகர்ந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சுருக்கெழுத்தனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் வீட்டில் இருப்பதை என் மனைவியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மேலதிகாரிகள் முப்பது வருஷம் எப்படிப் பொறுத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள். அந்தச் சமயத்தில் தொம்மலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மீட்டிங்குகளுக்கு மினிட்ஸ் எழுத ஆள் தேடினார்கள். போய் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. அந்தக் கம்பெனியில் வேலை நடக்காத மாடி உண்டு, மீட்டிங் நடக்காத மாடி கிடையாது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் அது. பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஆட்களை அள்ளி உள்ளே போட்ட காலம் முடிந்து, அள்ளி வெளியே போட ஆரம்பித்திருந்தன. எங்கள் கம்பெனியில் மூன்றாவது மாடியில் கண்ணாடிச் சுவர் போட்ட ஓர் அறை இருந்தது. உள்ளே ஒரு மேஜை, எதிரெதிரே நாற்காலிகள், மேஜை மேல் ஒரு டிஷ்யூ பெட்டி. மனிதவளத் துறைத் தலைவி மௌரீன் ஒருவரை அந்த அறைக்குக் கூப்பிட்டால், பேச்சு டிஷ்யூவில் தொடங்கிக் காவலாளியோடு கேட்டில் முடியும். பழைய பெட்டி தீர்ந்து மௌரீன் புதுப் பெட்டி வைக்கும் நாளில் அந்த மாடியில் ஒருவரும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். நடந்தால் கண்ணில் படுவோமே.

மௌரீன் குக் டவுன் ஆங்கிலோ இந்தியர். குரல் பாகு மாதிரி இருக்கும். எல்லோரையும் 'மை சைல்ட்' என்பார். அந்த 'மை சைல்ட்' காதில் விழுந்து மீசை வைத்த ஆண்பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் சுவரோடு சேர்ந்து சற்று உள்ளே போனதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பயத்தில் எல்லோரையும் விட அதிகமாகப் பயந்தவன் கோவிந்தன். வாணியம்பாடிப் பையன். சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுகோடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஆம்பூரில் அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. அழைப்பிதழில் அவன் பெயருக்குக் கீழே 'சாஃப்ட்வேர் என்ஜினியர், பெங்களூர்' என்று போட்டு அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். பெயரில் பிழை இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கீழ் வரியில் பிழை இருக்கக் கூடாது என்று பெண்ணின் மாமா அச்சகத்துக்கே போய் உட்கார்ந்து சரிபார்த்தாராம். அந்தக் கீழ் வரி போய்விட்டால் மேல் வரியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கோவிந்தனின் கவலை.

கோவிந்தன் எழுதியது ஜாவா. எனக்கு ஜாவா என்றால் மைசூரில் செய்த மோட்டார் சைக்கிள்தான். இந்த ஜாவா வேறு, இது கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பாஷை என்று விளக்கினார்கள். ஆனால் சத்த விஷயத்தில் இரண்டும் ஒரே ஜாதி என்று சீக்கிரமே தெரிந்தது.

புரோகிராம் ஓடும்போது அது உள்ளே எந்தச் சந்தில் நுழைகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று வெளியே தெரியாது. அதனால் எழுதுகிறவர்கள் அங்கங்கே ஒரு வரி போட்டு வைப்பார்கள். இந்த இடத்துக்கு வந்ததும் இந்த வார்த்தையைக் கறுப்புத் திரையில் காட்டு என்று அர்த்தம். அந்தக் கறுப்புத் திரைக்குக் கன்சோல் என்று பெயர். சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி, 'ஒவ்வொரு முக்குலயும் ஒரு சத்தம் குடுடா' என்று சொல்லிவிடுகிற மாதிரி. ஆளுக்கொரு சத்தம். 'ஹியர்' என்று போடுகிறவர்கள் உண்டு. 'ஆஆஆ' என்று போடுகிறவர்கள் உண்டு. கோவிந்தனுக்கு அவசரத்தில் தாய்மொழிதான் வந்தது. நுழையும் இடத்தில் 'உள்ள போறேன்', முடியும் இடத்தில் 'வந்துட்டேன்', புரோகிராம் மூச்சு நின்று விழும் இடத்தில் 'செத்தேன்'. மூன்றையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருந்தான்.

சரக்கை வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன் இந்தச் சத்தத்தையெல்லாம் அடைக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு சுவிட்ச் வரி உண்டு. அதில் 'இல்லை' என்று மாற்றினால் மொத்தமும் கப்சிப். யாரும் மாற்றவில்லை. சரக்கு அப்படியே இங்கிலாந்தில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டது.

அங்கிருந்து ஒரு மெயில் வந்தது. 'கன்சோலில் வருவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா? நன்றி.' இவ்வளவுதான் விஷயம்.

எங்கள் கம்பெனி நடுங்கிவிட்டது. அந்த 'நன்றி'யில் என்ன உள்ளர்த்தம் என்று ஆராயவே ஒரு மீட்டிங் போட்டார்கள். முடிவில், துணைத் தலைவர் பாலசுப்ரமணியன் தலைமையில் கன்சோல் வெளியீட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறந்தது. கோவிந்தனின் குழுத் தலைவி பாகீரதி முதல் கூட்டத்திலேயே கையைத் தூக்கினாள். தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் பாதி கன்னடம் பேசுவாள்.

"சார், ஒரு சுவிட்ச் இருக்கு. 'இல்லை'ன்னு மாத்தினா ஆய்த்து. அரை நிமிஷ வேலை."

பாலசுப்ரமணியன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். நல்ல உயரம், வெள்ளை முடி, எதையும் நம்பாத முகம். தன் பிறந்த நாள் வாழ்த்து அட்டைகளைக் கூட 'சரிபார்த்த பின்' என்று ஓரமாக வைக்கிறவர். எழுந்து நின்று ஆற்றிய உரை என் சுருக்கெழுத்தில் உள்ளபடி:

"அரை நிமிஷத்தில் செய்யக்கூடிய எதுவும் பொறுப்பானவர்களால் செய்யப்படுவதில்லை. ஒரு சுவிட்ச் என்றால் அதை யார் வேண்டுமானாலும் போடலாம். யார் வேண்டுமானாலும் போடலாம் என்றால் நான் எதற்கு? இந்தக் கேள்வியை நான் என்னையே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. ஒரு புரோகிராம் பேசுகிறது என்றால் நம் கம்பெனி பேசுகிறது. நான் இருபது வருஷமாக மேனேஜ்மெண்டில் இருக்கிறேன். இதுவரை எதைப் பற்றியும் தெளிவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் இங்கே இருக்கிறேன். அந்த ஒழுக்கத்தை நம் புரோகிராம்களுக்கும் கற்றுத்தர வேண்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் நிறுத்தினால் கவனிப்பார்களோ என்று பயந்து ரொம்ப நேரம் தட்டினார்கள். காபி ஆறி, வேறு காபி வந்தது.

அந்த வருஷம் ஜாவாவிலேயே சத்தத்தை அளந்து விடுகிற வசதி புதிதாக வந்திருந்தது. ரொம்ப ஆபத்தான சேதிக்கு 'சிவியர்'. அடுத்தது 'வார்னிங்', அதன் கீழே 'இன்ஃபோ'. அப்படியே இறங்கி, ஒன்றுக்கும் உதவாத பொடிச் சேதிக்கு 'ஃபைன்', 'ஃபைனர்', 'ஃபைனஸ்ட்'. சேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கான படிகள் இவை. வாரியம் இதைச் சேதி சொல்கிறவர் எவ்வளவு முக்கியம் என்று எடுத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஃபைனஸ்டில் மட்டும் பேசலாம். அதை யாரும் பார்க்க மாட்டார்கள். குழுத் தலைவர்களுக்கு ஃபைன். மேனேஜர்களுக்கு வார்னிங். சிவியர் மட்டும் துணைத் தலைவரின் முன் அனுமதியோடு. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்து, ஃபைன் என்று போட்டிருக்கிறதே, யார் சம்பளத்தில் பிடிப்பது என்று கேட்டார். நல்ல யோசனை, இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது.

பாகீரதி மறுபடி கையைத் தூக்கினாள். "சார், சிவியர்னா புரோகிராம் செத்துப் போற சமயத்துல வர்ற சேதி. அதுக்கு முன் அனுமதின்னா எப்ப வாங்கறது?"

"இரண்டு வேலை நாள் முன்னால்."

"சாகப் போறோம்னு புரோகிராமுக்கு முன்னாடியே எப்படி சார் தெரியும்?"

"திட்டமிடாத சாவை இந்தக் கம்பெனி ஊக்குவிப்பதில்லை, மேடம்."

"அய்யோ, பிடி சார்" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். பிடி என்றால் கன்னடத்தில் விட்டுவிடு என்று அர்த்தம். அவர் எதைப் பிடிப்பது என்று மேஜையைச் சுற்றிப் பார்த்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு புரோகிராமரும் வாரியத்தின் முன் வந்து தன் வரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 'ஹியர்' என்று எழுதியவனிடம், "எங்கே?" என்று கேட்டார்கள். அவனால் சொல்ல முடியவில்லை. 'ஆஆஆ' என்று எழுதிய பெண்ணை மௌரீன் அணைத்தபடி கூட்டிப்போய் டாக்டரிடம் விட்டார். அவளுக்கு ரத்த அழுத்தம் அப்போதுதான் ஆரம்பித்தது.

கோவிந்தன் முறை வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 'உள்ள போறேன்', 'வந்துட்டேன்' இரண்டும் என்ன பாஷை என்றுகூடக் கேட்காமல் நீக்கப்பட்டன. மூன்றாவதை மௌரீன் எழுத்துக் கூட்டினார். எஸ், இ, டி, ஹெச், இ, என்.

எங்கள் கம்பெனி டெலிபோன் டைரக்டரியில் பெயர் முதலில் வரும், இனிஷியல் பின்னால் வரும். கோவிந்தன் கே.ஆர். பாலசுப்ரமணியன் டி.எஸ். மௌரீனுக்கு அதையே பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது.

"சேத், இ.என்." என்றார் மௌரீன். "யாரு மேன் இது, சேட்டுப் பையன்? சிக்பேட் கடைவீதியா? நம்ம ஆபீஸ்ல நான் பாத்ததே இல்லையே."

கோவிந்தன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பேரு இருக்கிற வரிய அந்த ஆளு சம்மதம் இல்லாம எடுக்க முடியாது சார்" என்றார் மௌரீன், துணைத் தலைவரைப் பார்த்து. "பாலிசி அது. நாளைக்கு அவரு வந்து எம்பேரை ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா?"

"அவர் வரட்டும். அதுவரை இருக்கட்டும்" என்று பாலசுப்ரமணியன் தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் மினிட்ஸ் எழுதுகிறவன் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த விதியை நான் அன்றைக்குக் கடைப்பிடித்த சந்தோஷத்தோடு வேறு எந்த விதியையும் கடைப்பிடித்ததில்லை.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கோவிந்தன் என்னைப் பிடித்தான்.

"அங்கிள், நேரா போய்ச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா?"

"டிஷ்யூதான்."

"சொல்லாம இரு."

"சேட்டு வந்துட்டா?"

"இல்லாத சேட்டு எப்படிப்பா வருவான்?"

அவன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். "இவங்க நெனச்சா வரவெச்சுடுவாங்க அங்கிள்."

அடுத்து வந்த நாட்களில் எங்கள் கம்பெனி அளவுக்கு அமைதியான இடம் பெங்களூரில் கல்லறைத் தோட்டம்தான். அங்கேயாவது காக்கை கத்தும். விதி புரோகிராமுக்குத்தான், ஆனால் பயத்துக்கு அது தெரியுமா? கேண்டீனில் 'ரெண்டு காபி' என்று கூவுவது எந்தப் படி என்று தெரியாததால் விரலைக் காட்டினார்கள். லிஃப்ட் மணிக்குப் பஞ்சு வைத்தார்கள். லிஃப்ட் வந்ததா இல்லையா என்று கதவில் காதை வைத்துக் கேட்டார்கள். ஒருவன் தும்மல் வந்து, அனுமதி கேட்க மேனேஜரைத் தேடிப் போய், அவர் மீட்டிங்கில் இருந்ததால் அதை விழுங்கிவிட்டான். அப்புறம் வாரம் முழுக்க அவனுக்குக் காது கேட்கவில்லை. நம்பாதவர்கள் அவனைப் போய்க் கேட்கலாம். கேட்டாலும் அவனுக்கு விளங்காது.

இங்கிலாந்திலிருந்து மறுபடி மெயில் வந்தது. 'கன்சோல் இப்போது சுத்தமாக இருக்கிறது. நன்றி.' அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

பிறகு ஒரு நாள், அங்கே ஆபீஸ் திறந்த கொஞ்ச நேரத்தில், புரோகிராம் செத்துவிட்டது.

ஏன் செத்தது என்று பாகீரதி எனக்கு விளக்கினாள்; புரியவில்லை, மரியாதைக்குத் தலையாட்டினேன். எப்படிச் செத்தது என்பதுதான் அழகு. பயந்த காரணத்தால் எங்கள் ஆட்கள் அந்தச் சேட்டுப் பெயரைத் தவிர ஒரு சேதி பாக்கியில்லாமல் அடைத்திருந்தார்கள். நெஞ்சு அடைக்கிறது, கை கால் இழுக்கிறது என்று எதையும் சொல்ல அதற்கு வழியில்லை. அந்தத் தேசத்து இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் ஆளாளுக்குப் பொத்தானை அழுத்த அழுத்த, அழுத்தம் ஒன்றுக்கு ஒரு வார்த்தை மட்டும் கறுப்புத் திரையில் வந்து விழுந்தது. செத்தேன். செத்தேன். செத்தேன். திரை நிரம்பி, மேலே ஏறி, மறுபடி நிரம்பியது.

மெயில் வந்தது. 'எங்கள் கன்சோலில் இருக்கும் இந்த சேதன் யார்? அவருக்கு யார் அனுமதி கொடுத்தது?'

வாரியம் அவசரமாகக் கூடியது. கோவிந்தன் கூப்பிடப்பட்டான். வழியில் அவன் கண்ணாடி அறையைப் பார்த்தான். மேஜை மேல் புதுப் பெட்டி, முதல் டிஷ்யூ பாதி வெளியே நீட்டியபடி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் காதோடு கேட்டான்: "அங்கிள், அச்சாபீஸ்க்கு போன் போட்டு நிறுத்தச் சொல்லிடட்டுமா?"

பாலசுப்ரமணியன் தொண்டையைக் கனைத்தார். "மிஸ்டர் கோவிந்தன், இந்த சேத் எங்கே?"

"சார், அது... அது பேரு இல்ல சார்."

"பின்னே?"

"செத்தேன் சார்."

மௌரீன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் இல்ல மேடம், புரோகிராம். புரோகிராம் விழுந்துச்சுன்னா அந்த வரி வரும். 'செத்தேன்'னு எழுதியிருந்தேன். தப்புதான் சார். இங்கிலீஷ்ல எழுதியிருக்கணும்."

துணைத் தலைவர் என் பக்கம் திரும்பினார். மினிட்ஸில் ஏற்ற மொழிபெயர்க்கச் சொன்னார். நான் எழுந்து, என் இங்கிலீஷ் முழுவதையும் திரட்டி, 'நான் இறந்துவிட்டேன்; தன்மை ஒருமை, இறந்த காலம்' என்று மொழிபெயர்த்து, இலக்கணக் குறிப்போடு பதிவு செய்தேன். இறந்த காலம் என்றபோது கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

பாலசுப்ரமணியன் அந்தக் குறிப்பை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"நான் நம்பவில்லை" என்றார்.

"எதை சார்?" என்றாள் பாகீரதி.

"புரோகிராம் செத்தது என்பதை. புரோகிராம் சாக வேண்டுமென்றால் என்னிடம் சிவியர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். யாரும் என்னிடம் வரவில்லை. ஆகவே சாகவில்லை. இரண்டாவது, செத்தவன் 'செத்தேன்' என்று சொல்ல முடியாது. உயிர் இருக்கிறவன்தான் சொல்வான். மூன்றாவது, திரை முழுக்கச் செத்தேன் என்று இருக்கிறது. ஒரு புரோகிராம் எத்தனை தடவை சாகும்?"

"பட்டன அழுத்துற ஒவ்வொருத்தருக்கும் ஒருவாட்டி சார்" என்றான் கோவிந்தன், அழுகிற குரலில்.

"அப்படியென்றால் வேறு தடயம் எங்கே? ஒரு வார்னிங்? ஒரு இன்ஃபோ?"

"எல்லாத்தையும் வாரியம்தான சார் அடைச்சுது."

"அதுதான் சொல்கிறேன். தடயம் இல்லை. நம் செயல்முறை நூறு சதவீதம் வெற்றி. உயிரோடு இருக்கிற ஒரு புரோகிராமைப் பற்றி வாடிக்கையாளரின் கன்சோலில் நீ பொய்ச் சாவு பரப்பியிருக்கிறாய். மௌரீன், லெட்டர் தயார் செய்யுங்கள்."

"வா மை சைல்ட்" என்றார் மௌரீன். "கொஞ்சம் அந்த ரூமுக்குப் போலாம்."

கோவிந்தன் எழுந்திருக்கப் பார்த்தான். பாகீரதி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"சார், அவன அப்புறம் அனுப்புங்க. மொதல்ல ரீஸ்டார்ட் பண்ண விடுங்க. அங்க வேல நின்னு போயிருக்கு."

"செத்ததைத்தான் எழுப்பலாம் மேடம். உயிரோடு இருப்பதை எப்படி எழுப்புவது? நான் ரீஸ்டார்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டால் செத்தது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி."

"நாடி பிடிச்சுப் பாருங்க சார், இல்லேன்னா பிடி."

"மேடம், நீங்கள் இப்போது எந்தப் படியில் பேசுகிறீர்கள்?"

அவள் குழுத் தலைவி. ஃபைன் வரைக்கும்தான். ஆனால் கோவிந்தனின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

லெட்டர் அடிக்கப் போன மௌரீன் அதோடு திரும்பி வந்த சமயத்தில் மேஜை நடுவில் இருந்த ஸ்பீக்கர் போன் அடித்தது. இங்கிலாந்து. அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இதற்கெல்லாம் பொறுப்பான அம்மாள். நிதானமான குரல், அவசரப்படாதவர்களின் கோபம் இருக்கிறதே, அது வேறு தினுசு.

"காலையிலிருந்து எங்களால் ஒரு பாலிசிகூடப் போட முடியவில்லை" என்றார் அந்த அம்மாள். "உங்கள் புரோகிராம் விழுந்துவிட்டதா?"

பாலசுப்ரமணியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லை மேடம். பெருமையாகச் சொல்கிறேன், விழவில்லை. விழுந்ததாக எங்களிடம் அங்கீகரிக்கப்பட்ட ஒரு சேதிகூட இல்லை."

"அப்படியென்றால் ஓடிக்கொண்டிருந்தது."

"முழு ஆரோக்கியத்தோடு."

"ஓடிக்கொண்டே, காலையிலிருந்து எங்கள் வேலை எதையும் செய்யவில்லை."

"அதாவது..."

"விழுந்திருந்தால் எங்களுக்குப் புரியும். எந்த இயந்திரமும் விழும். அதற்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. எழுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருப்போம். நல்லபடி ஓடிக்கொண்டு வேலை செய்ய மறுத்தது என்றால் அது வேறு விஷயம். அதை எங்கள் வக்கீல்கள் பேசுவார்கள். உங்கள் தலைவரிடம்தான் பேசுவார்கள். ஓடியது என்று உறுதி சொன்னவர் பெயர் என்ன என்று கேட்பார்கள். எழுத்துக் கூட்டிச் சொல்கிறீர்களா?"

பாலசுப்ரமணியன் எட்டி, நம் பேச்சு அங்கே கேட்காதபடி ஒரு பொத்தானை அழுத்தினார். விரல் முதலில் வேறு பொத்தானில் பட்டு, இரண்டாவது தடவைதான் சரியான இடத்தில் விழுந்தது. அதுவரை கோவிந்தனின் முகத்தில் இருந்த வெளுப்பு மேஜையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் மௌரீனைப் பார்த்தார். மௌரீன் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவ்வளவு கனிவான பார்வை.

"சார்" என்றார் மௌரீன், பாகு சொட்ட. "தண்ணி ஏதாச்சும் குடிக்கிறீங்களா, மை சைல்ட்?"

அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷமாகத் தெளிவாக ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் கோவிந்தன் பக்கம் குனிந்தார். குரல் ஃபைனஸ்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.

"தம்பி. நிஜமாவே செத்துதாப்பா?"

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் பேனாவைப் பார்த்தேன். "செத்துது சார்."

"நல்லா பாத்தியா?"

"அந்த வரி அங்க மட்டுந்தான் சார் இருக்கு. வேற எங்கயும் வராது. செத்தாத்தான் வரும்."

"லேசா மயக்கம், அந்த மாதிரி எதாவது...?"

"முழுசா சார். இன்னும் எழுந்திருக்கல."

"இதை யார் கேட்டாலும் சொல்லுவியா? வக்கீல் கேட்டா?"

"சொல்லுவேன் சார். ஆனா நான் வேலையில இருந்தாத்தான சார் சொல்ல முடியும்" என்றான் கோவிந்தன். சாமர்த்தியமாகச் சொன்னான் என்று நினைக்காதீர்கள். பயத்தில் உளறினான். பாகீரதியின் கை அவன் தோளை ஒரு தட்டுத் தட்டியது.

பாலசுப்ரமணியன் மௌரீன் கையிலிருந்த லெட்டரை வாங்கினார். நாலாக மடித்தார். கிழித்தார். கிழித்ததைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், குப்பைக்கூடையைக்கூட நம்பாதவர். பிறகு பாகீரதியிடம் எழுப்பு என்று கையால் சைகை காட்டினார். அவள் ஓடினாள். அந்தக் கட்டடத்தில் அத்தனை நாள் கழித்து முதல் தடவையாக யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். "மினிட்ஸில் வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். பொத்தானை விடுவித்தார். டையை நேராக்கிக்கொண்டார், போனில் டை தெரியாது.

"மேடம், மிகுந்த மகிழ்ச்சியோடு உறுதி செய்கிறேன்" என்றார் பாலசுப்ரமணியன். "எங்கள் புரோகிராம் இன்று காலையே, உங்கள் கண் முன்னால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் செத்துவிட்டது. எங்கள் கோவிந்தன் சொன்னது அத்தனையும் நடந்தது."